பசையை எடுங்கள், திருகாணி வையுங்கள்: மடிக்கணினி செய்வோருக்குக் கோத்தகிரியிலிருந்து ஒரு திறந்த மடல்

மடிக்கணினிகளையும் கையடக்கக் கருவிகளையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றை இந்தியாவில் விற்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

கோத்தகிரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில் உங்களுள் ஒரு நிறுவனத்தின் சேவை மையம் என் வாடிக்கையாளரிடம் சொன்ன பதில்தான் இந்த மடலை எழுத வைத்தது. "உள்ளே ஈரம் பட்டிருக்கிறது. வாரண்டி செல்லாது. மதர்போர்டை மாற்ற வேண்டும். அதில் இருப்பதெல்லாம் போய்விடும். சம்மதம் என்றால் இங்கே கையெழுத்துப் போடுங்கள்." மதர்போர்டு என்பது கணினியின் பாகங்கள் எல்லாம் வந்து சேரும் முதன்மைப் பலகை. நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. இதே பதிலை வேறு வேறு நிறுவனங்களின் மையங்களில் கேட்டுவிட்டு என் கடைக்கு வந்தவர்கள் பலர். ஆகவே உங்கள் எல்லோருக்குமே எழுதுகிறேன்.

அந்தக் கணினியை வாங்கச் சொன்னவன் நான். அவர் பச்சைத் தேயிலை ஏஜென்ட். சுற்றுவட்டாரத்தில் அறுபது சிறு விவசாயிகளிடம் இலை எடுத்துத் தொழிற்சாலையில் சேர்ப்பிக்கிறவர். எந்த நாளில் யார் எத்தனை கிலோ கொடுத்தார், மழை நாளில் ஈரத்துக்காக எவ்வளவு கழித்தார்கள், யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிருக்கிறது என்று அத்தனையும் அவரிடம்தான் இருக்க வேண்டும். ஒரு கிலோ தவறினாலும் மறுநாள் காலை வாசலில் ஆள் நிற்கும். நோட்டுப் புத்தகத்திலிருந்து கணினிக்கு மாற வேண்டும் என்று முடிவெடுத்தபோது என்னிடம் வந்தார். "ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் தம்பி. ஆனால் அது என்னைக் கைவிடக் கூடாது" என்றார். நான் பல மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். மூன்றாண்டு வாரண்டியும் சேர்த்து வாங்கச் சொன்னேன்.

ஏன் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வேலையை வெறுக்கும் ஒருவன் எழுதும் கடிதமாக இதை ஒதுக்கிவிடக் கூடாது. அதன் மூடியை ஒரே விரலால் தூக்கினால் அடிப்பாகம் மேசையை விட்டு எழாது. ஒரு கீலை அந்த அளவுக்கு முறுக்கிச் சமன் செய்ய எவ்வளவு உழைப்பு வேண்டும் என்று இந்தத் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் முனகாது. விசைகள் ஒவ்வொன்றும் விரலை வாங்கிக்கொண்டு அளவாகத் திருப்பித் தரும். பனி வெளுத்த ஜன்னலுக்கு எதிரே வைத்தாலும் திரையில் முகம் தெரியாமல் எழுத்துத் தெரியும். அழகான பொருள். அன்று மனமார அப்படித்தான் சொன்னேன், இன்றும் அதை மறுக்கவில்லை.

கருவிகள் மேல் எனக்கு உள்ள பிரியம் அப்பாவிடமிருந்து வந்தது. உதகை இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் அவர் வேலை பார்த்தார். 1960இல் நிறுவி, 1967 முதல் பிலிம் உற்பத்தி செய்த அந்த ஆலை இப்போது மூடிக்கிடக்கிறது. பிலிமுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அவர் பிரிவில் பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். இருட்டில் கை தானாகக் கண்டுபிடிக்கிற பிடிதான் சரியான பிடி என்பார். வீட்டில் இருந்த கேமராவைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டச் சொல்லுவார். எனக்குப் பதினொரு வயது. முதல் மாதம் ஒரு திருகாணியைத் தொலைத்தேன். அதன்பிறகு ஒன்றையும் தொலைத்ததில்லை.

1990களின் நடுவில் ஒரு எஸ்டேட் பங்களாவில் முதன்முதலாக மடிக்கணினியைப் பார்த்தேன். திங்க்பேட். 1992இல் ஐபிஎம் கொண்டுவந்த வரிசை. ரிச்சர்டு சாப்பர் வடிவமைத்தது, ஜப்பானியரின் மதிய உணவுப் பெட்டியை மனதில் வைத்து. கறுப்பாக, நான்கு பக்கமும் சதுரமாக, மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. திறந்தால் விசைகளின் நடுவே ஒரு சிவப்புப் பொட்டு. அதைச் சுட்டுவிரல் நுனியால் தள்ளினால் திரையில் அம்பு நகர்ந்தது. கையை விசைப்பலகையிலிருந்து எடுக்கவே வேண்டாம். பின்னால் வந்த திங்க்பேட்களில் மூடியின் மேல்விளிம்பில் ஒரு சிறு விளக்கு வைத்தார்கள். அதை ஏற்ற இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஒன்று விசைப்பலகையின் இடது கீழ்மூலையில், மற்றது வலது மேல்மூலையில். இருட்டிலும் கை தடவாமல் கண்டுபிடிக்கும் இடங்கள் அவை. மழைக்கு மின்சாரம் போன ஒரு இரவில் அந்த விளக்கை நானே ஏற்றிப் பார்த்தபோது அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானும் ஒருமுறை அணைத்து ஏற்றிப் பார்த்தார்.

இப்படி யோசித்தவர்கள் உங்கள் துறையில் நிறைய இருந்தார்கள். 1991இல் ஆப்பிளின் பவர்புக் விசைப்பலகையைத் திரைப்பக்கமாகத் தள்ளி, முன்னால் இரு மணிக்கட்டுகளும் ஓய்வெடுக்க இடம் விட்டது. அதுவரை மடிக்கணினிகளில் விசைகள் விளிம்போரமாக இருந்தன. இன்று நீங்கள் செய்கிற ஒவ்வொன்றும் அந்த அமைப்பில்தான் இருக்கிறது. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவியைச் செய்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்னரே அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். சட்டைப்பைக்குப் பொருந்தாத எதையும் சேர்க்கக் கூடாது என்பதற்காக. 1997இன் சையான் சீரீஸ் 5 என்ற கையடக்கக் கணினி இரண்டு பென்சில் செல்லில் ஓடியது. பெட்டிக்கடையில் வாங்கக்கூடிய செல். திறக்கும்போது விசைப்பலகை முன்னால் நகர்ந்துவந்து, திரை அதன்மேல் சாய்ந்து, தொட்டாலும் பின்னால் விழாதபடி நின்றது. ஒருமுறை உதகைக்கு வந்த பயணி ஒருவர் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். வேலை முடிந்த பிறகும் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது 2007இல் ஏழைக் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட எக்ஸ்ஓ-1 என்ற பச்சை வெள்ளை மடிக்கணினியை. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை. தூசியும் தண்ணீரும் புகாத ரப்பர் விசைப்பலகை. சாதாரணத் திருப்புளி ஒன்று போதும், முழுவதையும் பிரித்துவிடலாம். அதன் கைப்பிடிக்குள் உபரித் திருகாணிகளையும் வைத்து அனுப்பினார்கள். இதை வாங்கப்போகும் குழந்தை எங்கோ ஒரு மூலையில் இருக்கும், அங்கே கடை இருக்காது, பிரிக்கும்போது ஒரு திருகாணி தொலையும் என்று அமெரிக்காவில் ஒரு மேசையில் அமர்ந்து ஒருவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பதினொரு வயதில் திருகாணியைத் தொலைத்துவிட்டு அப்பாவுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் தேடியவன் நான்.

இப்போது அந்த ஐப்பசி மாலைக்கு வருகிறேன்.

வடகிழக்குப் பருவமழை நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் எங்கள் பக்கம் வலுத்துப் பெய்யும். ஏஜென்ட் அண்ணன் கணினியைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்தார். மேசைமேல் வைத்ததும் அது ஆடியது. டச்பேட் ஒரு பக்கம் மேலெழுந்திருந்தது. அழுத்தினால் ஓசை இல்லை. அடிமூடிக்கும் உடலுக்கும் இடையில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்தது. பேட்டரி உப்பிவிட்டது என்று புரிந்துகொள்ள மேலே எதுவும் பார்க்க வேண்டியதில்லை. வாங்கிப் பத்தொன்பது மாதம்.

அடியில் எட்டுத் திருகாணிகள். கழற்றி, அப்பா விட்டுப்போன பழைய பிலிம் டப்பா ஒன்றில் போட்டேன். மூடியைத் தூக்கினால், கறுப்பு உறைக்குள் நான்கு செல்கள். அவற்றில் இரண்டு தலையணை போல ஊதியிருந்தன. நான்கையும் உடலோடு பசை போட்டு ஒட்டியிருந்தீர்கள். ஒரு திருகாணி கூட இல்லை. உப்பாத பேட்டரியாக இருந்தால் ஆல்கஹால் விட்டு, மீன்பிடி நரம்பை அடியில் செலுத்தி மெதுவாக அறுத்து எடுத்துவிடுவேன். எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். உப்பிய செல்லை அப்படி நெம்பினால் உறை கிழியும், கிழிந்தால் தீப்பிடிக்கும். இணைப்பை மட்டும் உருவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு பேட்டரியைத் தொடப் பயந்தது அன்றைக்குத்தான்.

கணக்குகளையாவது மீட்போம் என்று மின்னிணைப்பில் மட்டும் இயக்கிப் பார்த்தேன். பேட்டரி இல்லாமல் அது எழ மறுத்தது. கணக்குகள் பதிவாகும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. தனித்துண்டாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொரு கணினியில் செருகியிருப்பேன். அதையும் மதர்போர்டிலேயே பற்றவைத்திருந்தீர்கள். பலகை நின்றால் அதில் எழுதியதும் நின்றுபோகும். ஒரு வீட்டின் கதவு பூட்டிக்கொண்டால் உள்ளே இருக்கும் பத்திரங்களையும் எரித்துவிட வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு இது.

காப்புப் பிரதி எடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எடுத்திருந்தார். பென் டிரைவில், ஜூலை மாதக் கடைசி வரைக்கும் இருந்தது. அதற்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதக் கணக்கு கணினியில் மட்டும்.

உங்கள் இலவசத் தொலைபேசி எண்ணை அழைத்தோம். பழுதான கருவிகளை வாங்கிக்கொள்ள உதகையில் இருந்த பெறுமையம் மூடப்பட்டுவிட்டது, கூரியரில் அனுப்புங்கள் என்றார்கள். இரண்டு கூரியர் கடைகளில் கேட்டோம். உப்பிய லித்தியம் பேட்டரியை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. மலைக்குக் கீழே இருக்கும் சேவை மையத்துக்கு நாங்களே கொண்டுபோவதைத் தவிர வழியில்லை. நாற்பது பேர் ஏறும் பஸ்ஸில் அதைக் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. காலி பெயின்ட் டின் ஒன்றில் உலர்ந்த மணலை நிரப்பி, கழற்ற முடியாத அந்த உடலை அதற்குள் செங்குத்தாக இறக்கி, அண்ணன் இலை ஏற்றும் பிக்கப் வண்டியின் பின்பக்கம் கட்டினோம். மழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதை முழுக்க, ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கண்ணாடியில் அந்த டின்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

சேவை மையத்தில் பத்து நாள் வைத்திருந்துவிட்டுச் சொன்னதுதான் முதலில் எழுதிய பதில். மதர்போர்டில் விசைப்பலகை நாடா சேரும் இடத்தருகே கடுகளவு பச்சைக் களிம்பு பூத்திருந்தது உண்மை. மூடியைத் திறந்தபோதே நான் பார்த்தேன். காபியோ தண்ணீரோ கொட்டியிருந்தால் கறை படரும், தொட்டால் பிசுபிசுக்கும். அப்படி எதுவும் இல்லை. அது பனியின் வேலை. எட்டு டிகிரிக் குளிரில் வண்டியில் கிடந்த அலுமினிய உடல், அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்ததும் வியர்க்கும். மூக்குக்கண்ணாடி மங்குவது போல. வெளியே படிந்ததைத் துடைத்துவிடலாம். உள்ளே படிந்ததை யார் துடைப்பது? இங்கே ஜாடியில் உப்பு நீர்த்துப்போகும், தீக்குச்சி உரசினால் மசிந்துபோகும், அலமாரியில் வைத்த கேமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். இதெல்லாம் எங்கள் குற்றமா?

உங்கள் விவரக்குறிப்புகளை வரி விடாமல் படிக்கிற வழக்கம் எனக்கு உண்டு. ஈரப்பதம் தொண்ணூறு விழுக்காடு வரை தாங்கும் என்று பல கணினிகளுக்கு எழுதியிருக்கிறீர்கள். கூடவே, நீர்த்துளி படியாத நிலையில் மட்டும் என்று ஒரு சிறு சேர்க்கையும் இருக்கிறது. அந்தச் சேர்க்கைக்குள் நீலகிரியும் கொடைக்கானலும் வால்பாறையும் அடங்கிவிடுகின்றன. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. மழை நாளில் இலையில் ஈரம் இருந்தால் தொழிற்சாலைக்காரர்கள் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். மலையில் மழை பெய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். ஈரம் இருக்கிறது என்பதற்காக இலையையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் இங்கே ஒருவரும் விவசாயம் செய்ய முடியாது.

பழுதைச் சரிசெய்யக் கேட்ட தொகை புதுக் கணினியின் விலையில் பாதிக்கு மேல். பேட்டரியை மட்டும் விலைக்குக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். தனியாக விற்பதில்லை என்றார்கள். உங்கள் அசல் பேட்டரி எனக்குக் கிடைக்காது. பெயர் தெரியாத போலிகள் மட்டும் நான்கு நாளில் வீடு தேடி வரும். வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காகத்தான் உதிரிபாகம் விற்பதில்லை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்க மறுப்பது இதனால்தான். கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டி, புதுப் பலகையோடு கணினியை வாங்கிக்கொண்டு வந்தார் அண்ணன். மேலே ஏறும்போது குஞ்சப்பனை சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தி, தண்ணீர் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிளாஸ்டிக் மலைக்கு வரக் கூடாது என்று இந்த மாவட்டம் அவ்வளவு கவனமாக இருக்கிறது. பத்தொன்பது மாதத்தில் குப்பையாகும் ஒரு பேட்டரிக்கும் பலகைக்கும் அங்கே ஒரு கேள்வியும் இல்லை.

அடுத்த ஆறு வாரம், இரவு தோறும், அவரும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளும் விவசாயிகளிடம் கொடுத்த எடைச்சீட்டுகளைத் திரும்ப வாங்கி ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். மழையில் நனைந்த சீட்டுகளில் சில படிக்க முடியவில்லை. படிக்க முடியாததற்கு விவசாயி சொன்ன எடையை அப்படியே ஏற்றுக்கொண்டார். வித்தியாசம் அவர் கையிலிருந்து போனது.

மெல்லிய கணினிதான் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள், மெல்லியதாகச் செய்தால் பசையும் பற்றவைப்பும் தவிர்க்க முடியாதவை என்பீர்கள். மெல்லிய கணினி எனக்கும் பிடிக்கும். 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் தபால் உறையிலிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்ததைப் பார்த்து நானும் எழுந்து நின்றவன்தான். ஆனால் அந்தக் கணினியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உறைக்குள் அடங்கிய அந்த உடலிலேயே பேட்டரி திருகாணியில்தான் நின்றது. பசை இல்லாமல். ரேம் என்கிற நினைவகம் வேகமாகவும் குறைந்த மின்சாரத்திலும் ஓட வேண்டுமானால் செயலிக்கு மிக அருகில் பற்றவைக்க வேண்டியிருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கும் விடை வந்துவிட்டது. எல்பிகேம்2 என்ற தட்டையான நினைவகத் துண்டு அதே வகை நினைவகத்தைத் திருகாணியால் அழுத்திப் பொருத்துகிறது. 2024இல் திங்க்பேட் பி1 அதோடு விற்பனைக்கு வந்தது. 2021இலிருந்து ஃபிரேம்வொர்க் என்ற சிறு நிறுவனம் மெல்லிய மடிக்கணினியைச் செய்து, அதைப் பிரிக்கும் திருப்புளியையும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுக்கிறது. முடியாது என்ற சொல்லை இனிச் சொல்லாதீர்கள். செய்ய வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தீர்கள். அந்த முடிவை மாற்றுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

என் கடை அலமாரியில் 2011ஆம் ஆண்டுத் திங்க்பேட் எக்ஸ்220 ஒன்று இன்றும் ஓடுகிறது. பேட்டரி இரண்டு தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வந்துவிடும். ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் வட்டு வெளியே வரும். எந்தத் திருகாணி எதற்கு என்று அடிப்பாகத்திலேயே சிறு படங்களாகப் பொறித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நீளத் திருகாணி என்பது வரைக்கும் எழுதிய பழுதுபார்ப்புக் கையேட்டை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதே 2011 செப்டம்பரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் தொடங்கியது. தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்குள் வந்த முதல் கணினி. என் கடைக்கு வந்தவை கனமான பிளாஸ்டிக் உடல் கொண்டவை, அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் பிரிக்க முடிந்தது. பழுதான மூன்றைப் பிரித்து இரண்டை ஓட வைப்பேன். அப்படி ஓட வைத்த ஒன்றில் படித்த பெண் இப்போது செவிலியராக வேலை பார்க்கிறாள். விலை உயர்ந்த உங்கள் இன்றைய கணினிகள் மூன்று பழுதாகி வந்தால் மூன்றும் குப்பைதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலை உங்களில் சிலர் சுற்றுலா வந்தபோது பார்த்திருப்பீர்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து கொண்டுவந்த எக்ஸ் ரக நீராவி எஞ்சின்கள் அந்தப் பாதையில் ஓடத் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. தேய்ந்த பாகத்தைக் கழற்ற முடிந்தது, அதைப் பார்த்து வேறொன்று செய்ய முடிந்தது. அதனால் குன்னூர் ஷெட்டின் கைகளும் திருச்சி பொன்மலைப் பணிமனையின் கைகளும் அந்த ரகத்தை வாழ வைத்தன. பின்னால் பொன்மலையிலேயே அதே ரகத்தில் புது எஞ்சின்களும் செய்தார்கள். எங்களுக்குக் கை இருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

நான் கேட்பவை இவை.

பேட்டரியைத் திருகாணியால் பொருத்துங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரிச் சட்டப்படி 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்தாக வேண்டும். அங்கே அனுப்புவதற்காக அந்த உடலை எப்படியும் வடிவமைக்கப் போகிறீர்கள். அதே உடலை இங்கேயும் விற்க வேண்டும். ஐரோப்பாவுக்குத் திருகாணியும் இந்தியாவுக்குப் பசையும் என்று இரண்டு வகை செய்யாதீர்கள்.

சேமிப்பகத்தைத் தனித்துண்டாகச் செருகும்படி வையுங்கள். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கச் சொன்னால்கூட இதில் என்னால் முடியாது. கணினி உங்கள் தயாரிப்பு, அதில் எழுதிய கணக்கு எங்களுடையது.

அசல் பேட்டரியையும் உதிரிபாகங்களையும் பழுதுபார்ப்புக் கையேட்டையும் என்னைப் போன்ற சிறு கடைகளுக்கு நியாயமான விலையில் கொடுங்கள். நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரிலேயே பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அங்கே உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் போட்டால் கடமை முடிந்ததாகாது. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினியின் விலைச்சீட்டருகே பழுதுபார்ப்பு மதிப்பெண் போட வேண்டும். அந்த மதிப்பெண்ணை இங்கே யாரும் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்காமல் பெட்டிமேல் அச்சிடுங்கள். வாங்க வருகிறவர்களுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.

பனியில் வியர்ப்பதைத் திரவச் சேதம் என்று எழுதி வாரண்டியை மறுப்பதை நிறுத்துங்கள். வாகனங்களின் மின்னணுப் பலகைகளுக்கு ஈரம் புகாத மெல்லிய பூச்சு பூசுகிறார்கள். மடிக்கணினியின் பலகைக்கும் பூசலாம். அது முடியாவிட்டால், இந்தப் பொருள் மலைப்பகுதிகளுக்கு ஏற்றதல்ல என்று விற்பனைப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

உதகையிலோ குன்னூரிலோ ஒரு பெறுமையத்தைத் திரும்பத் திறங்கள். உப்பிய பேட்டரியைப் பாதுகாப்பாக வாங்கிக் கீழே கொண்டுபோக ஏற்பாடு வேண்டும். கொடைக்கானலுக்கும் அதே தேவை இருக்கிறது, அங்கிருந்தும் எனக்கு அழைப்புகள் வருகின்றன. பெயின்ட் டின்னும் மணலும் எங்கள் பொறுப்பாக இருக்கக் கூடாது.

உங்கள் வடிவமைப்பாளர் ஒருவரை வரும் ஐப்பசியில் என் கடைக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் என் மேசையருகே உட்காரட்டும். வருகிற ஒவ்வொரு கணினியையும் அவரே திறக்கட்டும். தங்குவதற்கு எங்கள் வீட்டில் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அண்ணனின் கணினியிலிருந்து எடுத்த பழைய மதர்போர்டை உங்கள் சேவை மையம் திருப்பித் தரவில்லை. மாற்றுத் திட்டத்தில் அது நிறுவனத்துக்குச் சேரும் என்றார்கள். வாரண்டியை மறுத்துவிட்டு முழுப் பணமும் வாங்கிக்கொண்ட பின் அந்தப் பலகை உங்களுடையது எப்படி ஆகும்? ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அறுபது பேர் கொடுத்த இலையின் எடை அதில் இருக்கிறது. பற்றவைத்த சில்லைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், முயன்று பார்ப்போம். பணி ரசீது எண்ணும் தேதியும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உங்கள் சேவைப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன். அந்தப் பலகையை இந்த மாதத்துக்குள் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்